உள்ளாட்சியும் லாப நோக்கற்ற வீட்டுவசதி அமைப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைந்த வாடகை வீடு என்ற பேச்சு வந்தால் அரசு, தனியார் என்ற இரண்டு தரப்பை மட்டுமே நாம் பார்க்கிறோம். பல நாடுகளில் மூன்றாவதாக ஒரு தரப்பு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது: வீடு கட்டி, வாடகைக்கு விட்டு, பராமரிக்கும் லாப நோக்கற்ற அமைப்புகள். அவை உள்ளாட்சியோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. இந்த உறவு நல்லபடியாகவும் கெட்டபடியாகவும் நீண்ட காலம் நடந்துவந்த இடம் அதுதான்.

லாப நோக்கற்றது என்றால் வீடு இலவசமா?

இல்லை. வாடகை உண்டு, வரவு செலவு உண்டு, ஆண்டு முடிவில் மிச்சமும் இருக்கலாம். அந்த மிச்சத்தை யாரும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதுதான் வித்தியாசம். அது பழுதுபார்க்கவும், கடன் அடைக்கவும், அடுத்த கட்டடம் கட்டவும் போக வேண்டும். ஆஸ்திரியாவில் முதலீட்டாளருக்கு உச்சவரம்பு வைத்த ஒரு சிறு தொகை அனுமதிக்கப்படுகிறது. அங்கேயும் வாடகை, வீட்டுக்கு ஆன செலவை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்று தனிச் சட்டம் சொல்கிறது. அறக்கட்டளை, சங்கம், கூட்டுறவு, கம்பெனி என்று சட்ட வடிவம் நாட்டுக்கு நாடு மாறும்.

உள்ளாட்சியே கட்டி வாடகைக்கு விடலாமே, நடுவில் இன்னொருவர் எதற்கு?

விடலாம். வியன்னா மாநகராட்சி இன்றும் ஏறத்தாழ 2,20,000 வீடுகளைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் அதே வியன்னாவில் கிட்டத்தட்ட அதே அளவு வீடுகளை லாபம் வரையறுக்கப்பட்ட சங்கங்களும் நடத்துகின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று அந்த நகரம் நினைக்கவில்லை.

தனி அமைப்புக்குச் சில வசதிகள் உண்டு. தேர்தல் முடிவு மாறினாலும் முப்பது ஆண்டுக் கடனைத் தொடர்ந்து கட்டிவரும். வாடகைப் பணம் மாநகராட்சியின் பொதுக் கணக்கில் கலந்து சாலைக்கோ சம்பளத்துக்கோ போய்விடாது. சில நாடுகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை யாரும் மேடையில் சொல்வதில்லை: உள்ளாட்சி வாங்கும் கடன் பொதுக் கடன் கணக்கில் ஏறும், தனி அமைப்பு வாங்கும் கடன் ஏறாது. இங்கிலாந்தில் 1988க்குப் பிறகு வீட்டுவசதிச் சங்கங்கள் (இத்தகைய லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அங்கே அதுதான் பெயர்) இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு முக்கிய காரணம்.

என் கருத்தில், கடன் கணக்குக்காக மட்டும் ஒரு தனி அமைப்பை உருவாக்குவது பலவீனமான தொடக்கம். அப்படித் தொடங்கும் உறவில் உள்ளாட்சி சீக்கிரமே கை கழுவிவிடும்.

உள்ளாட்சி என்னதான் கொடுக்கிறது?

பெரும்பாலும் நான்கு விஷயங்கள்: நிலம், பணம், கடனுக்கு உத்தரவாதம், கட்டட அனுமதி. எல்லா இடத்திலும் நான்கும் சேர்ந்து கிடைப்பதில்லை.

டென்மார்க்கில் ஒரு புதுக் குடியிருப்புக்கான மூலதனத்தில் ஒரு சிறு பங்கை நகராட்சி போடும். குடிவருபவர்கள் 2 சதவீதம் போடுவார்கள். மீதி வங்கிக் கடன். நகராட்சியின் பங்கு சிறியதாக இருந்தாலும், அது சம்மதிக்காமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. பிரான்சில் உள்ளாட்சிகள் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கின்றன. கையிலிருந்து பணம் போகாது, ஆனால் அமைப்பு கடனைத் திருப்பிக் கட்டத் தவறினால் பொறுப்பு வந்து சேரும்.

வியன்னாவின் வழி நிலத்திலிருந்து தொடங்குகிறது. 1984இல் தொடங்கப்பட்ட ஒரு நகர நிதியம் முன்கூட்டியே நிலம் வாங்கிச் சேர்த்து வைக்கிறது. கட்ட விரும்பும் அமைப்புகள் 1995 முதல் போட்டிபோட வேண்டியிருக்கிறது. யார் அதிக விலை தருகிறார்கள் என்பது அங்கே கேள்வியே இல்லை. வடிவமைப்பு, செலவு, சுற்றுச்சூழல், குடியிருப்பவர்களின் சமூக வாழ்க்கை ஆகியவற்றை வைத்து நடுவர் குழு தேர்ந்தெடுக்கிறது. நிலத்தை யார் பிடித்து வைத்திருக்கிறாரோ அவர்தான் நிபந்தனை போட முடியும் என்பதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட நகரம் அதிகம் இல்லை.

பதிலுக்கு உள்ளாட்சி என்ன கேட்கிறது?

முக்கியமாக, காலியாகும் வீடுகளில் ஒரு பங்குக்கு ஆளை அனுப்பும் உரிமை. டென்மார்க்கில் காலியாகும் குடும்ப வீடுகளில் குறைந்தது நான்கில் ஒன்றை நகராட்சி தன் பட்டியலிலிருந்து நிரப்பலாம். பிரான்சில் உத்தரவாதம் கொடுத்த உள்ளாட்சிக்கு அந்தக் கட்டடத்தில் 20 சதவீதம் வரை வீடுகளை ஒதுக்கி வைக்கலாம்.

இத்தோடு வாடகை வரம்பு, பராமரிப்புத் தரம், ஆண்டறிக்கை, வீடுகளை விற்கும் முன் அனுமதி போன்றவையும் வரும். எல்லாம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். நடைமுறையில் சண்டை வருவது அடுத்த கேள்வியில்.

வீடு யாருக்கு என்று கடைசியில் யார் முடிவு செய்கிறார்கள்?

இந்த உறவின் மையமே இதுதான் என்று நான் நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீடற்றவருக்கு உதவ வேண்டிய சட்டப் பொறுப்பு உள்ளாட்சியிடம் இருக்கிறது. வீடு அமைப்பிடம் இருக்கிறது. பொறுப்பு ஒரு பக்கமும் சாவி இன்னொரு பக்கமும் இருக்கும்போது ஒரு குடும்பம் நடுவில் மாட்டிக்கொள்ளும். மாநகராட்சி ஒரு பெயரை அனுப்புகிறது. அமைப்பு தன் விதிகளைப் பார்க்கிறது: பழைய வாடகை பாக்கி இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் தகராறு செய்தவரா, இந்த வருமானத்தில் வாடகை கட்ட முடியுமா. மூன்றாவது கேள்விதான் கொடுமை. குறைந்த வருமானம் என்பதாலேயே பட்டியலில் முன்னால் வந்தவர், குறைந்த வருமானம் என்பதாலேயே கதவில் திருப்பி அனுப்பப்படுகிறார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி மறுத்த கதை.

அமைப்பின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மனநலச் சிக்கல் உள்ள ஒருவரை, அந்தத் தகவலைச் சொல்லாமல், எந்த ஆதரவும் ஏற்பாடு செய்யாமல், நான்காவது மாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு உள்ளாட்சி கோப்பை மூடிவிட்டால் என்ன ஆகும்? ஆறு மாதத்தில் அவரும் உடைந்துபோவார், பக்கத்து வீட்டுக்காரர்களும் நொந்துபோவார்கள். "ஆளை அனுப்பினீர்கள், உதவியை அனுப்பவில்லை" என்ற வீட்டுவசதி ஊழியர்களின் புகார் பல நேரம் உண்மைதான்.

இங்கிலாந்தில் 1996 வீட்டுவசதிச் சட்டத்தின்படி, உள்ளாட்சி கேட்டால் சங்கங்கள் நியாயமான அளவுக்கு ஒத்துழைக்க வேண்டும். அந்த 'நியாயமான அளவு' எது என்பதை ஒவ்வொரு ஊரிலும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பேசி எழுதி வைக்காத ஊர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகப் பேரம் நடக்கும்.

அதனால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் நேராக எழுதப்பட வேண்டும். மறுக்க என்னென்ன காரணங்கள் செல்லும்? மறுத்தால் எத்தனை நாளில் எழுத்தில் சொல்ல வேண்டும்? ஆதரவு தேவைப்படும் குடியிருப்பாளருக்கு யார், எவ்வளவு காலம், யார் செலவில் உதவுவார்கள்? பின்லாந்தில் 1985இல் ஹெல்சிங்கி உள்ளிட்ட நகரங்களும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து ஒய் அறக்கட்டளையைத் தொடங்கியபோது பெரிய கட்டடங்களை மட்டும் நம்பவில்லை. சாதாரண அடுக்குமாடிகளில் அங்கொன்று இங்கொன்றாக வீடு வாங்கி, நகராட்சிகள் வழியாக வீடற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். உதவி செய்யும் பணியாளர்களை உள்ளாட்சி ஏற்பாடு செய்தது. முதலில் வீடு, மற்றது பிறகு என்ற கொள்கை 2008 முதல் அந்நாட்டின் திட்டமாகவே ஆனது. வீடும் உதவியும் ஒரே நேரத்தில் வந்ததால்தான் அது நிலைத்தது.

நிலத்தை விற்பதா, நீண்ட குத்தகைக்கு விடுவதா?

குத்தகை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே மானியம் வாங்கிக் கட்டிய வீடுகளுக்குக் குறைந்த வாடகைக் கட்டுப்பாடு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும்தான். கெடு முடிந்தால் சந்தை வாடகை. அதற்கு மேல், தொழிற்சங்கங்களுக்குச் சொந்தமான நோயே ஹைமாட் என்ற பெரிய வீட்டுவசதி நிறுவனத்தின் நிர்வாகிகள் தங்கள் பையை நிரப்பிக்கொண்டது 1982இல் அம்பலமானது. அந்த அவப்பெயரின் நிழலில், லாப நோக்கற்ற வீட்டுவசதிக்கான வரிச்சலுகைச் சட்டமே 1990இல் எடுத்துவிடப்பட்டது. குறைந்த வாடகை வீடுகள் ஆண்டுதோறும் கரைந்தன. 2006இல் டிரெஸ்டன் நகரம் தன் 48,000 வீடுகளை மொத்தமாக ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து அதே நகரம் புதிதாக ஒரு வீட்டுவசதி நிறுவனத்தைத் தொடங்கி மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 2025 முதல் ஜெர்மனியில் லாப நோக்கற்ற வீட்டுவசதிக்கு வரிச்சலுகை திரும்ப வந்திருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் போன வீடுகள் போனவைதான்.

மறுபக்கம், அமெரிக்காவின் பர்லிங்டன் நகரம். 1984இல் நகர நிர்வாகம் தொடக்கப் பணமாக 2,00,000 டாலர் கொடுத்து ஒரு சமூக நில அறக்கட்டளையை ஏற்படுத்த உதவியது. நிலம் அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்கும், அதன் மேல் உள்ள வீடு மட்டும் கைமாறும், மறுவிற்பனை விலைக்கு வரம்பு உண்டு. அப்போது போட்ட பொதுப் பணம் இன்றும் அந்த வீடுகளில்தான் இருக்கிறது.

நிலம் உள்ளாட்சியிடமோ அறக்கட்டளையிடமோ இருந்தால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேச ஒரு பிடி இருக்கும். விற்றுவிட்டால் அந்தப் பிடியும் போய்விடும்.

மாநகராட்சி தன் வீடுகளை மொத்தமாக ஒரு அமைப்பிடம் ஒப்படைப்பது சரியா?

இங்கிலாந்தில் 1988இல் தொடங்கிய இந்த வழியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைமாறிவிட்டன. குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது அதில் நல்ல அம்சம். 2002இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குடியிருப்பாளர்கள் சரி என்றார்கள். அடுத்த ஆண்டு சுமார் 80,000 வீடுகள் புதுச் சங்கத்துக்குப் போயின, நகரத்தின் வீட்டுக் கடனை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அதே 2002இல் பர்மிங்காமில் குடியிருப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள், வீடுகள் மாநகராட்சியிடமே இருந்தன.

நன்மை, பழைய வீடுகளைச் சீர்செய்யப் பெரிய முதலீடு வரும். ஆபத்து, கைமாறிய மறுநாளே உள்ளாட்சியின் வீட்டுவசதித் துறை சுருங்கிப்போகும். பத்து ஆண்டு கழித்து சங்கத்தின் கணக்கை வாசித்துக் கேள்வி கேட்க மாநகராட்சியில் ஒரு ஆள்கூட இருக்க மாட்டார். வீடுகளைக் கொடுத்தாலும் அந்த அறிவைக் கொடுத்துவிடக் கூடாது. குறைந்தது சிலராவது வீட்டுவசதி தெரிந்தவர்களாக நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும்.

வீடு அமைப்பிடம் போய்விட்டது. ஒழுகல், பூஞ்சணம் பற்றி உள்ளாட்சியிடம் புகார் சொல்ல முடியுமா?

முடிய வேண்டும். பல நாடுகளில் முடியும். வீட்டு உரிமையாளர் யாராக இருந்தாலும், ஆபத்தான வீட்டைச் சோதித்து உத்தரவு போடும் அதிகாரம் உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவுக்கு உண்டு. இங்கிலாந்தில் 2004 சட்டம் அதைக் கொடுக்கிறது. தயக்கம்தான் பிரச்சினை: நம் பங்காளி அமைப்பின் மேலேயே நோட்டீஸ் அனுப்புவதா என்று யோசிப்பார்கள்.

அந்தத் தயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் நீண்ட நாளாக இருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை சொன்னது. குடும்பம் புகார் செய்துகொண்டே இருந்தது. அந்த வீட்டை நடத்தியது, மாநகராட்சியிடமிருந்து வீடுகளைப் பெற்ற ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. குடியிருப்பவர்களும் ஊழியர்களும் உறுப்பினர்களாக இருக்கும் அமைப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது. வடிவம் நல்லதாக இருந்தால் வீடும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2023இல் வந்த சட்டத்தில் அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு பிரிவு சேர்ந்தது. 2025 அக்டோபர் முதல் அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும் என்பது விதி.

புகார் சொல்லும்போது அமைப்புக்கும் உள்ளாட்சிக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கவுன்சிலர்கள் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கலாமா?

இருக்கலாம், சிறுபான்மையாக. குழுவில் உட்கார்ந்துவிட்டால் சட்டப்படி அவர்கள் அமைப்பின் நலனைத்தான் பார்க்க வேண்டும், தங்கள் வார்டின் நலனை அல்ல. பல கவுன்சிலர்கள் இதைத் தெரியாமலே போய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். டென்மார்க்கில் குடியிருப்பவர்களே நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை. நகராட்சி வெளியே நின்று கணக்கைக் கண்காணிக்கிறது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கு இடம் உண்டா?

நெதர்லாந்தில் உண்டு. அங்கே 1901 வீட்டுவசதிச் சட்டத்திலிருந்தே சங்கங்கள் அரசின் அங்கீகாரத்தோடு நடக்கின்றன. இன்று நாட்டின் மொத்த வீடுகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல் அவற்றிடம் இருக்கிறது. 2015 முதல் நகராட்சி, சங்கம், குடியிருப்பவர் அமைப்பு மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து உடன்படிக்கை போடுகின்றன: எத்தனை புது வீடு, எத்தனை வீட்டுக்குப் புது ஜன்னலும் வெப்பக் காப்பும், எத்தனை வீடு விற்கலாம் என்று. குடியிருப்பவர் தரப்பு வெறும் பார்வையாளர் அல்ல, கையெழுத்திடும் தரப்பு. இதற்கு அவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசகரை வைத்துக்கொள்ளப் பணமும் வேண்டும், இல்லாவிட்டால் நூறு பக்க ஆவணத்தை முந்தின நாள் இரவு கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுவார்கள்.

அமைப்பு மிகப் பெரிதாகிவிட்டால்?

ஊரில் முளைத்த சங்கம் பத்து சங்கங்களோடு இணைந்து பல்லாயிரம் வீடுகள் நடத்தத் தொடங்கினால், ஒரு நகராட்சியின் தொலைபேசி அழைப்பை அங்கே யாரும் அவசரமாக எடுப்பதில்லை. நெதர்லாந்தின் வெஸ்டியா, நாட்டின் மிகப் பெரிய சங்கமாக இருந்தது. வட்டி விகிதத்தை வைத்துச் சிக்கலான நிதி ஒப்பந்தங்கள் போட்டு, 2012இல் அவற்றிலிருந்து வெளிவர மட்டும் சுமார் 200 கோடி யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. மற்ற சங்கங்களும் பங்கு போட்டுக் காப்பாற்றின. அதாவது, வேறு ஊர்களில் வாடகை கட்டியவர்களின் பணமும் அந்தப் பள்ளத்தில் போனது. பிறகு வந்த 2015 சட்டம் சங்கங்களின் வேலையையும் எல்லையையும் இறுக்கியது.

இணைப்புக்கு முன் உள்ளாட்சியின் சம்மதம் தேவை என்று நில ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

திவாலானால் குடியிருப்பவர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்களா?

பொதுவாக இல்லை. வீடுகள் வேறு அமைப்பின் கைக்குப் போகும், வாடகை ஒப்பந்தம் தொடரும். நெதர்லாந்தில் மூன்று அடுக்குப் பாதுகாப்பு: முதலில் சங்கத்தின் சொந்தப் பணம், அப்புறம் எல்லாச் சங்கங்களும் சேர்ந்த நிதியம், கடைசியில் மத்திய அரசும் நகராட்சிகளும் பாதிப் பாதி. கடைசி வரிசையில் தன் பெயர் இருப்பதால்தான் நகராட்சிக்குக் கணக்கைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

வாடகையை உள்ளாட்சி குறைக்கச் சொல்ல முடியுமா?

பல நாடுகளில் வாடகை விதி மேலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் 2016 முதல் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 1 சதவீதம் வாடகையைக் குறைக்க மத்திய அரசு உத்தரவிட்டது. குடியிருப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் அந்த வாடகையை நம்பி உள்ளூரில் போட்ட கட்டுமானத் திட்டங்கள் பல சுருங்கின. நெதர்லாந்தில் 2013 முதல் சங்கங்கள் மீது ஒரு தனி வரி விதித்தார்கள், 2023இல்தான் எடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் நகராட்சியும் சங்கமும் எவ்வளவு நட்பாக இருந்தாலும் கட்டுவதற்குப் பணம் குறைவாகவே இருந்தது. மேலிருந்து விதி மாறினால் உடன்படிக்கையைத் திறந்து மறுபடி பேச ஒரு பிரிவு வைத்துக்கொள்வது நல்லது.

வாடகை பாக்கிக்காக அமைப்பு ஒருவரை வெளியேற்றினால், அவர் மறுபடி உள்ளாட்சியிடம்தானே வருவார்?

ஆமாம், அதே வாரத்தில் வந்து நிற்பார். தற்காலிகத் தங்குமிடச் செலவு பாக்கித் தொகையைவிடப் பெரிதாகிவிடும். ஒரு மாத பாக்கி விழுந்ததுமே, குடியிருப்பவரின் சம்மதத்தோடு, உள்ளாட்சிக்குத் தகவல் போனால் உதவித்தொகை விண்ணப்பமோ தவணை ஏற்பாடோ செய்ய நேரம் இருக்கும். நீதிமன்ற உத்தரவு வந்தபின் சொல்வதில் பயனில்லை.

எங்கள் நகராட்சி சிறியது. பணமும் இல்லை, நிலமும் இல்லை. என்ன செய்ய முடியும்?

அனுமதி கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாம். புதுக் குடியிருப்பு கட்டும் தனியாரிடம் ஒரு பங்கை லாப நோக்கற்ற அமைப்புக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்கச் சொல்லலாம். இங்கிலாந்தில் 1990 நகரமைப்புச் சட்டத்தின் 106வது பிரிவு இப்படித்தான் வேலை செய்கிறது. பக்கத்து நகராட்சிகளோடு சேர்ந்து ஒரே காத்திருப்போர் பட்டியல் வைக்கலாம். பிரான்சில் 2000இல் வந்த சட்டம், பெரிய நகரப் பகுதிகளில் உள்ள ஊர்களுக்கு 20 சதவீதம் சமூக வீடு, அதாவது குறைந்த வாடகை வீடு, என்று இலக்கு வைத்தது. பிறகு பல ஊர்களுக்கு அது 25 ஆனது. எட்டாவிட்டால் அபராதம். சில பணக்கார ஊர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு ஏழைகளை வெளியே வைப்பதையே விரும்புகின்றன. பணமில்லாமை எப்போதும் உண்மைக் காரணம் அல்ல என்பதற்கு அது சாட்சி.

நான் குடியிருப்பவன். இந்த ஒப்பந்தத்தை நான் பார்க்க முடியுமா?

கேளுங்கள். பொது நிலமோ பொதுப் பணமோ அதில் இருந்தால், தகவல் உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் உள்ளாட்சியிடமிருந்து பெற வாய்ப்பு அதிகம். அமைப்பு அந்தச் சட்டத்துக்குள் வராவிட்டாலும் உள்ளாட்சி வரும், அதனால் மனுவை அங்கே போடுங்கள். கையில் கிடைத்ததும் முதலில் நான்கு இடங்களைத் தேடுங்கள்: குறைந்த வாடகைக் கட்டுப்பாடு எந்த ஆண்டு முடிகிறது, வீட்டை விற்க யார் அனுமதி வேண்டும், பழுதுபார்க்க எத்தனை நாள் கெடு, ஒப்பந்தத்தை மீறினால் உள்ளாட்சி என்ன செய்யலாம். நான்காவது இடம் காலியாக இருந்தால், அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள்.